நல்ல மனுஷர் வீட்டு மாடி போர்ஷன்

அடிச்சு, மிரட்டி வளர்த்த புள்ள பெருசானதும் அடுத்த சாதிக்காரன் மேல, அடுத்த இனத்துக்காரன் மேல வெறுப்பக் காட்டும், அன்பா வளர்ந்த புள்ள எல்லாரையும் சமமா பாக்கும். கோயம்புத்தூர்ல எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி மேல்படிப்பு, படிச்சப்ப இப்படி ஒரு கருத்து வகுப்புல வந்துச்சு, எல்லாரும் தலையாட்டினோம், பரீட்சைலயும் எழுதினோம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் ஏறி நீலகிரில பந்தலூர் பக்கம் எங்க ஊருக்கு வந்து எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா அந்தக் கருத்து நிக்க மாட்டேங்குது, எங்க வீட்டு ஆளுங்க அதுக்குத் தலைகீழா இருக்காங்க. ரொம்ப வருஷமா இத மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தேன், போன மழைக்காலத்துல மாமா வீட்டு மாடி போர்ஷன் விஷயம் நடந்த பிறகு எழுதாம இருக்க முடியல.

எங்க வீட்டுல முரட்டு ஆளுன்னா அது அப்பா தான். தேயிலைத் தோட்டத்துல கவாத்து வெட்டினவரு. கோபம் வந்தா தேயிலை மிலாறு ஒண்ண உருவிட்டு வருவாரு, நானும் அக்காவும் கால்ல, முதுகுல வாங்காத நாளே இல்லன்னு சொல்ற அளவுக்கு வாங்கியிருக்கோம், அவரும் அவங்கப்பாகிட்ட அப்படி வாங்கி வளர்ந்தவரு தான். வாயத் திறந்தா ஒரு நல்ல வார்த்தை வராது. அந்த மனுஷன் எங்க வாசல்ல பணியர் ஆளுங்களோட, இந்த மலையோட ஆதிவாசி ஜனங்க அவங்க, உக்காந்து ஒரே சட்டில இருந்து மரவள்ளிக்கிழங்கு எடுத்து சாப்பிடுறத நான் விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து பாக்கறேன். அதப் பத்தி அவர் ஒரு நாளும் பெருமையா பேசினதில்ல, கொள்கை மாதிரியும் பேசினதில்ல. சாப்பிடுவாரு, கை கழுவுவாரு, அவங்களையும் திட்டுவாரு, எங்களத் திட்டுற மாதிரியே.

மாமா, எங்கம்மாவோட தம்பி, நேர் எதிர். குரல உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்ல. அம்மாயி, எங்கம்மாவோட அம்மா, அவர மடியில வெச்சே வளர்த்தாங்க, ஒரு அடி விழுந்ததில்ல. கடைத்தெருவுல சின்னதா ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வெச்சிருக்காரு, காசில்லாத புள்ளைங்களுக்கு நோட்டு கடனா கொடுத்துட்டு அத எழுதிக்கூட வைக்க மாட்டாரு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 91 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அந்த வாரம் எங்க பக்கமும் மண்ணு சரிஞ்சு தண்ணி ஏறி பணியர் காலனி ஆளுங்கள எல்லாம் ஸ்கூல்ல கொண்டு வந்து தங்க வெச்சாங்க. அப்ப கம்பளி, பிரெட்டு, மெழுகுவத்தின்னு தலைச்சுமையா கொண்டு போய் கொடுத்தவரு மாமா. யாரும் கேக்கல, அவராத்தான் போனாரு. மழையில நனைஞ்சு அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தாரு. இத நான் ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, அடுத்து சொல்லப்போறத படிச்சுட்டு மாமாவ ஒரு வில்லனா நீங்க நினைச்சிடக்கூடாது.

மாடி போர்ஷன்

மாமா வீட்டு மாடில ஒரு போர்ஷன் உண்டு, ஒரு ரூம், கிச்சன், வெளிய பாத்ரூம். போன வருஷம் அது காலியா இருந்தப்ப ஒரு பொண்ணு கேட்டு வந்துச்சு, நான் அன்னைக்கு அங்க தான் இருந்தேன். ஆஸ்பத்திரில நர்ஸ், நைட் டியூட்டி முடிஞ்சா பஸ் கிடைக்க மாட்டேங்குது, பக்கத்துல வீடு இருந்தா நல்லதுன்னு சொல்லுச்சு. மாமா உக்கார வெச்சாரு, அத்தை டீ போட்டுக் கொடுத்தாங்க. "எந்தப் பக்கம்மா சொந்த ஊரு?"ன்னு கேட்டாரு, நம்ம ஊருல எல்லாரும் கேக்குற கேள்வி தான். அந்தப் பொண்ணு சுத்தி வளைக்காம, "அய்யன்கொல்லி பக்கம் ஸார், நாங்க பணியருங்க"ன்னு சொல்லுச்சு. மாமா முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா, படிச்சு வந்துட்ட பாரு"ன்னாரு. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, "மாடிய ஒருத்தருக்கு சொல்லி வெச்சிருக்கேனேம்மா, அவங்க வேணாம்னு சொன்னா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்"னாரு. அந்தப் பொண்ணு டம்ளர எடுத்துக்கிட்டு பைப்பு பக்கம் போச்சு, "அய்யோ நீ எதுக்கும்மா, வெச்சுட்டுப் போ"ன்னு மாமா பதறிப்போய் வாங்கினாரு. கேட் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தாரு.

மாடிய யாருக்கும் சொல்லி வைக்கல. எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், டீ குடிச்சுட்டு போன பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்னு தான் நினைக்கிறேன், இந்த பதில அது முதல் தடவையா கேட்ட மாதிரி தெரியல. நான் மாமாகிட்ட ஏன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில் தான் என்ன இன்னைக்கு வரைக்கும் விடாம அரிக்குது. "எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. ஆனா இந்தத் தெருவுல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, தண்ணி பிடிக்கப் போனா மூஞ்ச திருப்புவாங்க. அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும். அது படக்கூடாதுன்னு தான்." இத அவர் சமாளிக்கிறதுக்காக சொல்லல. அவர எனக்குத் தெரியும், மனசார நம்பி சொன்னாரு. கண்ணு கலங்கி சொன்னாரு.

நாங்க யாருன்னா

இதுல இன்னொரு பக்கம் இருக்கு. நாங்களே இந்த மண்ணுக்கு வந்து சேந்தவங்க. 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்து போட்டு, இலங்கை மலைத்தோட்டத்துத் தமிழங்க 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு அங்க குடியுரிமைன்னு பங்கு பிரிச்சாங்களே, அந்தக் கணக்குல வந்த குடும்பம். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. தாயகம் திரும்பினவங்களுக்குன்னு தான் அரசு தேயிலைத் தோட்டம், டான்டீ, 1968ல இருந்து இங்க வளர்ந்துச்சு. அம்மாயி இலங்கைல மாத்தளைப் பக்கத்து லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்தவங்க. அங்க இருந்த வரைக்கும் கள்ளத்தோணின்னு கேட்டாங்க, இங்க வந்த பிறகு சிலோன்காரின்னு, அகதின்னு கேட்டாங்க. கடைக்காரன் காச கையில வாங்காம மேஜை மேல வைக்கச் சொன்னான்னு அம்மாயி சொல்லும்போது அந்த வயசுலயும் குரல் நடுங்கும்.

அதே அம்மாயி பணியர் பொம்பளைங்களுக்கு சோறு போடும்போது வாழை இலைய வாசல்ல விரிச்சுப் போடுவாங்க. நிறைய போடுவாங்க, குழம்பு ஊத்தி, கருவாடு வெச்சு, "பாவம் புள்ளைங்க, சாப்பிடட்டும்"னு. தண்ணிய கையில ஊத்துவாங்க. ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. பட்ட காயம் அடுத்தவன் காயத்தப் புரிய வைக்கும்னு நாம நம்புறோம், நானும் நம்ப ஆசைப்படுறேன், ஆனா எங்க வீட்டுல அது தன்னால நடக்கல. பணியர் ஜனங்க பட்டது நாங்க பட்டதுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சதில்ல. பக்கத்துல வயநாட்டுல வள்ளியூர்க்காவு திருவிழால ஜென்மிங்க, நிலத்துக்காரங்க, முன்பணம் கொடுத்து ஒரு வருஷத்துக்கு அவங்கள அடிமையா கட்டிப்போட்ட கதை இங்க எல்லாருக்கும் தெரியும், கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே 1976ல தான் வந்துச்சு. 1988ல கூடலூர்ல ஆதிவாசி முன்னேற்ற சங்கத்து ஆளுங்க நிலம் கேட்டு ஆயிரக்கணக்குல ஊர்வலம் போனப்ப கடைத்தெருவே வாயடைச்சு நின்னுச்சுன்னு அப்பா சொல்லுவாரு. இவங்க எல்லாம் இவ்வளவு பேரு இருக்காங்களான்னு அன்னைக்குத் தான் பல பேருக்குத் தெரிஞ்சுதாம். அம்மாயிக்கு அதுவும் "பாவம்" தான்.

முரட்டுத்தனத்த மட்டும் தேடுனா

வகுப்புல நாங்க படிச்ச அந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. ஹிட்லர் காலத்துல ஜெர்மனிய விட்டு ஓடி வந்த அடோர்னோவும், கலிபோர்னியா பெர்க்லில இருந்த ஃப்ரெங்கல் பிரன்ஸ்விக், லெவின்சன், சான்ஃபோர்ட் மூணு பேரும் சேந்து 1950ல வெளியிட்ட ஆராய்ச்சி அது. அவ்வளவு பெரிய கொலைக்கு சாதாரண ஜனங்க எப்படி ஒத்துப்போனாங்கன்ற கேள்வில இருந்து பிறந்தது, அதனால அத லேசா எடுத்துக்க எனக்கு மனசு வராது. ஏறக்குறைய 2,000 பேர்கிட்ட கேள்வித்தாள் கொடுத்து, சில பேர்கிட்ட மணிக்கணக்கா குழந்தைப் பருவத்தப் பத்திப் பேசி, அவங்க வந்து சேந்த முடிவு இது: கண்டிப்பான, பயமுறுத்துற வீட்டுல வளர்ந்தவங்க பெத்தவங்க மேல காட்ட முடியாத கோபத்த பலவீனமான கூட்டத்து மேல திருப்புறாங்க. அதுக்கப்புறம் அந்தக் கேள்வித்தாள் ஒழுங்கா அமைக்கப்படலன்னு நிறைய விமர்சனம் வந்துச்சு, எதக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டுற ஆளுக்கும் மார்க் ஏறிடும்ன்ற மாதிரி. கனடால ஆல்ட்டமெயர்னு ஒருத்தர் 1981ல அத எல்லாம் சலிச்சு, அவங்க சொன்ன ஒம்போது குணத்துல மூணு தான் ஒண்ணோட ஒண்ணு சேந்து நிக்குதுன்னு காட்டினாரு. ஊர் வழக்கத்த இறுகப் பிடிக்கிறது, பெரியவங்க சொல்லுக்கு அப்படியே பணியிறது, அந்தப் பெரியவங்க கை காட்டுறவங்க மேல பாயுறது.

இந்த மூணையும் வெச்சு எங்க வீட்டப் பாத்தா எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. பாயுற குணம் அப்பாகிட்ட எக்கச்சக்கமா இருக்கு, வழக்கமும் பணிவும் துளி கூட இல்ல. கல்யாண வீட்டுக்கு வேலை செஞ்ச சட்டையோட போவாரு, கங்காணிய மூஞ்சிக்கு நேரா கேள்வி கேப்பாரு. மாமாகிட்ட பாய்ச்சல் அறவே கிடையாது, ஆனா முதல் ரெண்டும் நிறைஞ்சு வழியுது. ஊர் என்ன சொல்லுதோ அது, பெரியவங்க எப்படி செஞ்சாங்களோ அது. பாரபட்சம் பாக்குற ஆளத் தேடும்போது நாம மூணாவத மட்டும் தேடுறோம், சத்தம் போடுறவன, கெட்ட வார்த்தை பேசுறவன, கையோங்குறவன. அவன் தப்பு கண்ணுக்குத் தெரியும். முதல் ரெண்டும் உள்ளவங்கள நாம நல்ல மனுஷங்கன்னு சொல்றோம், அவங்க நெஜமாவே நல்ல மனுஷங்களாவும் இருக்காங்க, ஆனா வீடு கேட்டு வந்த பொண்ணு ரோட்டுல நிக்குது.

இங்க ஒரு நியாயமும் சொல்லிடணும். பொதுவா இளகின சுபாவம் உள்ளவங்ககிட்ட இன வெறுப்பு குறைவா இருக்குன்னு தான் ஆராய்ச்சி சொல்லுது, சிப்லி, டக்கிட்னு ரெண்டு பேர் 2008ல பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுலயும் அது தான் வந்துச்சு, புதுசு புதுசா தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்ககிட்டயும் குறைவாம். நான் அத மறுக்கல. மாமாகிட்ட வெறுப்பு இல்லன்னு தான் நானும் சொல்றேன். வெறுப்பே இல்லாம கதவ சாத்த முடியுதேன்றது தான் என் பிரச்சினை.

அதுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல விளக்கம் பெட்டிக்ரூன்றவர் 1958ல எழுதினது. அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க மேல ரொம்ப பாரபட்சம் காட்டுற தென் மாநிலத்துச் சின்ன ஊருங்களையும் வடக்கத்தி ஊருங்களையும் எடுத்துப் பாத்தாரு, தென்னாப்பிரிக்காவுல வெள்ளைக்கார மாணவங்களையும் பாத்தாரு. தெற்குல பாரபட்சம் கூடுதல், ஆனா அந்த முரட்டு குணத்தோட மார்க் வடக்க விட அப்படி ஒண்ணும் கூடுதலா இல்ல. அப்ப எங்க இருந்து வருது? ஊரோட ஒத்துப்போறதுல இருந்து. தெற்குல சர்ச்சுக்கு ஒழுங்கா போறவங்க, ஊர் கட்டுக்குள்ள நல்லா பொருந்தி வாழுறவங்க தான் கூடுதலா பாரபட்சம் பாத்தாங்க, பட்டாளத்துக்குப் போய் வெளிய நாலு இடம் பாத்து வந்தவங்க குறைவா பாத்தாங்க. இதப் படிச்சப்ப எனக்கு மாமா உள்ளூர் கோயில் கமிட்டில வரவு செலவு எழுதிட்டு உக்காந்திருக்குற உருவம் தான் கண்ணு முன்னால வந்துச்சு.

மலையில ஒரு ஆளு, தெருவுல ஒரு ஆளு

தோட்டத்துல வேலை நடக்கிற மலைல போய் பாத்தீங்கன்னா சிலோன்காரங்களும் பணியரும் மலையாளத்து ஆளுங்களும் ஒரே நிரைல நிப்பாங்க, தண்ணி கேன் ஒண்ணு தான், வெத்தலை கை மாறும், அட்டை கடிச்சா பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க தான் உப்பு வெச்சு எடுத்து விடணும். கொழுந்து நிறுத்து முடிச்சு ரோட்டுக்கு ஏறி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சுடுவாங்க, காலைல வெத்தலை கொடுத்த அதே கைக்கு வாசல்ல தண்ணி ஊத்துவாங்க. மேற்கு வர்ஜீனியாவுல பொகஹாண்டாஸ் நிலக்கரிப் பகுதில இதே மாதிரி தான்னு மினார்டுன்றவர் 1952ல எழுதி வெச்சிருக்காரு. பூமிக்கு அடியில சுரங்கத்துல வெள்ளைக்காரனும் கறுப்பினத்தவனும் ஒண்ணா வேலை செய்வாங்க, மேல ஏறி வந்ததும் தனித்தனி. பெரும்பான்மையான வெள்ளைக்காரத் தொழிலாளிங்க இப்படி இடத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டாங்க, கொஞ்சப் பேர் மட்டும் கீழயும் மேலயும் ஒரே மாதிரி நட்பா இருந்தாங்க, கொஞ்சப் பேர் ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி பாரபட்சம் பாத்தாங்க. எங்கப்பா அந்த ஒரே மாதிரி நட்பா இருந்த கூட்டம். ஏன் அவர் மட்டும்?

பொங்கலுக்குப் போயிருந்தப்ப அப்பாகிட்ட நேராவே கேட்டேன். அவர்கிட்ட இப்படி எல்லாம் உக்காந்து பேசி பழக்கம் இல்ல, பதில் வராதுன்னு தான் நினைச்சேன். "எனக்கு எவன் மேலயும் பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழு நாள் வேலை வாங்கிட்டு அரைப்பேர்னு பாதி நாள் கூலி போட்டப்ப நாங்க போய் போராட்டத்துல உக்காந்தோம். பணியர் ஆளுங்க ஏழு பேர் வந்து உக்காந்தாங்க. உங்கம்மா வீட்டு ஆளுங்க எவனும் வரல, நாலு பேர் என்ன சொல்வாங்க, துரை என்ன நினைப்பாருன்னு வீட்டுக்குள்ள இருந்துட்டாங்க. நானும் அப்படிப் பாத்திருந்தா இன்னைக்கு வரைக்கும் அரைப்பேர் தான்." அவ்வளவு தான் சொன்னாரு, எழுந்து போயிட்டாரு. சமமான நிலைல நின்னு, ஒரே காரியத்துக்காக, ஒருத்தர ஒருத்தர் நம்பி வேலை செஞ்சா பாரபட்சம் குறையும், மேல இருக்கிறவங்க ஆதரவும் வேணும்னு ஆல்போர்ட்ன்ற உளவியல் அறிஞர் 1954ல சொன்னது எங்களுக்குப் பாடம். மேல இருந்தவங்க ஆதரவு அப்பாவுக்கு கிடைக்கல தான். ஆனா பெட்டிக்ரூவும் டிராப்பும் 2006ல 500க்கு மேற்பட்ட ஆய்வுகள சேத்துப் பாத்து, அந்த நிபந்தனை எல்லாம் இருந்தா நல்லது, எல்லாமே இருந்தாத்தான்னு இல்லன்னு சொன்னாங்க. அப்பா விஷயத்துல முரட்டு குணமே அவருக்கு உதவியிருக்குன்னு எனக்குத் தோணுது. ஊர் சொல்றத மதிக்காத ஆளா இருந்ததால தான் மலைல கிடைச்ச பழக்கத்த ரோட்டுக்கு மேலயும் கொண்டு வர முடிஞ்சுது. அதுக்காக அவர் அடிச்ச அடிய நான் நியாயப்படுத்தல. அந்தத் தழும்பு வேற கணக்கு.

பாசத்துல வர்றது

அக்கா மகளுக்கு நாலு வயசு. ஒரு தடவை கூடலூர்ல இருந்து சேரம்பாடி பஸ்ல எங்கம்மாவோட வந்துட்டு இருந்தோம், ஒரு பணியர் பாட்டி ஏறி பக்கத்துல உக்காந்தாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. புள்ளைய மெல்ல இழுத்து மடியில உக்கார வெச்சு, கவுன சரி பண்ணி, தலைய தடவி விட்டாங்க. பாக்குறவங்களுக்கு ஒரு பாட்டி பேத்திய கொஞ்சுற மாதிரி தான் தெரியும். கொஞ்ச நாள் கழிச்சு நானும் அவளும் மட்டும் போனப்ப ஒரு பணியர் அக்கா வந்து உக்காந்தாங்க, இவ தானாவே எந்திரிச்சு என் மடியில ஏறி, கவுன இழுத்து சரி பண்ணிக்கிட்டா. "ஏன்டா கண்ணு, அங்கயே உக்காரு, இடம் இருக்கே"ன்னேன். "இப்பிடித்தான் உக்காரணும்"னா. எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.

யாரும் அவளுக்கு எதையும் சொல்லித் தரல. இத்தாலில கஸ்டெல்லியும் கூட இருந்தவங்களும் 2008ல மூணுல இருந்து ஆறு வயசுப் புள்ளைங்களுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டினாங்க, ஒரு வெள்ளைக்காரர் கறுப்பினத்தவர் ஒருத்தரோட பேசுறாரு. வாய் வார்த்தை நட்பா இருந்தாலும் அவர் தள்ளி உக்காந்து, கண்ணப் பாக்காம பேசினா புள்ளைங்க அந்தத் தள்ளி உக்காந்ததத்தான் எடுத்துக்குதுங்க, வார்த்தைய இல்ல. இன்னொண்ணு 2005ல சின்க்ளேரும் மத்தவங்களும் அமெரிக்காவுல பாத்தது, பெத்தவங்களோட பாரபட்சம் புள்ளைங்க மனசோட ஆழத்துல எந்த அளவுக்கு இறங்கியிருக்குன்னு. பெத்தவங்கள ரொம்பப் பிடிச்சு, அவங்கள மாதிரியே ஆகணும்னு நினைக்கிற புள்ளைங்ககிட்ட தான் அது நல்லா ஒத்துப்போச்சு. பெத்தவங்களோட ஒட்டாத புள்ளைங்ககிட்ட ஒத்துப்போகல. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல. அப்பாவுக்கு ஏதாவது பாரபட்சம் இருந்திருந்தா கூட நான் அத எடுத்திருக்க மாட்டேன், அடிக்கிற கையில இருந்து எவ வாங்குவா? அம்மாயி கையில இருந்து வந்தது சோத்து உருண்டையோட சேந்து உள்ள போகும். விதை விழுந்த மண்ணு நல்ல மண்ணா இருந்தா களையும் செழிச்சுத்தான் வளரும். அம்மாயி, அம்மா, மாமா, அக்கா, இப்ப இந்த நாலு வயசுக் குழந்தை. அத சொல்லித் தர ஒரு அடி இல்லாம, ஒரு வசவு இல்லாம நாலு தலைமுறைக்கு கை மாறியிருக்கு. அக்காகிட்ட சொன்னேன், அவ முதல்ல "சின்னப் புள்ளைய வெச்சு என்னென்னவோ பேசுற"ன்னு கோவிச்சுக்கிட்டா, ரெண்டு நாள் கழிச்சு அவளே போன் பண்ணி நான் பஸ்ல இப்படி செய்யிறேனான்னு கவனிச்சேன், ஆமா செய்யிறேன்னு சொன்னா. அவ மேல எனக்கு இருந்த மரியாதை அன்னைக்கு கூடுச்சு.

அந்த நாலு பேர்

மாமா சொன்ன நாலு பேர் யாருன்னு எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு. தெரு ரொம்ப சின்னது, எல்லாரையும் தெரியும், அதனால நேராப் போய் கேட்டேன். மாமா மாடில ஒரு பணியர் பொண்ணு, நர்ஸ், குடி வந்தா உங்களுக்கு என்னன்னு. முதல் வீட்டு டீச்சர், "எனக்கு என்ன இருக்கு, ஆனா பின்னாடி வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்களே"ன்னாங்க. பின்னாடி வீட்டு சேச்சி, "எனிக்கு ஒண்ணும் இல்லா, டீச்சருக்குத்தான் இஷ்டப்படாது"ன்னு சொல்லி சிரிச்சாங்க. ரேஷன் கடைல வேலை பாக்குற அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சு, "உங்க மாமாவே சங்கடப்படுவாரேம்மா"ன்னாரு. நான் அந்த இடத்துலயே நின்னுட்டேன். மாமா இவங்களுக்காக, இவங்க மாமாவுக்காக. அமெரிக்காவுல இனத்தப் பிரிச்சு வைக்கணுமான்னு 1968ல எடுத்த சர்வேய வெச்சு ஓகார்மன்னு ஒருத்தர் 1975ல இதையே தான் காட்டினாரு, பிரிச்சு வைக்கணும்னு நெஜமா நினைக்கிற வெள்ளைக்காரங்க எண்ணிக்கைய விட, மத்தவங்க எல்லாம் அப்படி நினைக்கிறாங்கன்னு நம்புற எண்ணிக்கை ரொம்ப கூடுதல். ஆளாளுக்கு பக்கத்து வீட்டுக்கு பயந்துட்டு நிக்கிறாங்க. அவங்க எல்லாம் எனக்கு முன்னால நல்ல பேர் வாங்கத்தான் அப்படி சொன்னாங்களோன்னு ஒரு சந்தேகமும் எனக்கு இருக்கு, இருந்தாலும் நல்ல பேர் வாங்க இப்ப இப்படி சொல்லணும்னு ஆகியிருக்கே, அதுவே ஒரு மாத்தம் தானே.

மூணாவது வீட்டு அக்கா மட்டும் மறைக்கல. "எனக்குப் பிடிக்காது புள்ள. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்டு மாடியா இருந்தா நான் விட மாட்டேன்."

இத எல்லாம் கொண்டு போய் மாமாகிட்ட சொன்னேன், ஜெயிச்சுட்ட மாதிரி ஒரு நினைப்புல தான் போனேன், நாலு பேர் இல்ல மாமா, ஒருத்தங்க தான்னு. அவர் கடைல பேப்பர் கட்டு பிரிச்சுட்டு இருந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "மூணாவது வீடா?"ன்னாரு. அப்புறம் ரொம்ப மெதுவா, "அம்மா செத்த அன்னைக்கு ராத்திரி மழை, கரண்டு இல்ல, சொந்தக்காரன் எவனும் வந்து சேரல. அந்த அக்கா தான் வந்து குளிப்பாட்டி, சேலை கட்டி, விடிய விடிய உக்காந்திருந்துச்சு. அதுக்குப் பிடிக்காதத நான் எப்படி புள்ள செய்வேன்?"னாரு. எனக்கு சட்டுனு பதில் வரல. நான் படிச்ச எந்த ஆராய்ச்சிலயும் இதுக்கு பதில் இல்ல. நாலு பேர்னு நாம சொல்றது வெறும் பயம் மட்டும் இல்ல, நம்ம வீட்டு சாவுக்கு வந்து நின்ன கடனும் தான். மாமா மாதிரி ஆளுங்க ஊர மீற முடியாம இருக்குறதுக்கு கோழைத்தனம்னு பேர் வெச்சுட்டு போறது சுலபம், அவர் மனசுல அது நன்றி.

ஆனா அந்த நன்றிக்கான விலைய கொடுக்கிறது மாமா இல்லையே. நைட் டியூட்டி முடிச்சு காலைல பஸ் ஸ்டாப்புல நிக்கிற பொண்ணு கொடுக்குது. அதத் தான் கடைசியா மாமாகிட்ட சொன்னேன், நீங்க பட்ட கடன அந்தப் பொண்ணு ஏன் மாமா அடைக்கணும்னு. அவர் ஒண்ணும் சொல்லல, பேப்பர அடுக்கிட்டே இருந்தாரு, கஸ்டமர் வந்துட்டாங்க.

மாடில அப்புறம் ஒரு பேங்க் தம்பி குடி வந்தாரு, அவருக்கு இப்ப டிரான்ஸ்ஃபர், மாசக் கடைசில காலி பண்றாரு. அந்த நர்ஸுக்கு இன்னும் வீடு அமையல, எங்கக்கா விசாரிச்சு நம்பர் வாங்கிட்டா. போன வாரம் மாமாகிட்ட, அந்தப் பொண்ண மறுபடி கூட்டிட்டு வர்றேன், இந்தத் தடவை மூணாவது வீட்டு அக்காகிட்ட நானே உக்காந்து பேசுறேன்னு சொன்னேன். சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. "மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது புள்ள, மோட்டார் ரிப்பேர். அது சரியாகட்டும், பாப்போம்"னாரு. மோட்டார் மெக்கானிக்க ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.